பலாலியில் ஆறு மணித்தியாலம்

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். பலாலியில் இருந்து சென்னைக்குப் போகும் விமானம் மதியம் 12.30 இற்குப் புறப்படும் என்று ரிக்கற்றில் போட்டிருந்தது. நான் பத்து மணிக்கே உள்ளே போய்விட்டேன். பொதியை நிறுத்துக் கொடுத்து, கடவுச்சீட்டில் முத்திரை குத்துவித்து, கைப்பையைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கி, மண்டபத்தில் ஒரு கதிரை பிடித்து இருந்தாயிற்று. ஒடியலைக் கண்டு "இது என்ன?" என்று கேட்ட பிள்ளைக்கு அதை விளங்கப்படுத்துவதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மற்றதெல்லாம் சுகமாக நடந்தது.

12 மணியளவில், ஒரு மணித்தியாலம் பிந்தும் என்றார்கள். ஒரு மணிக்கு, இன்னும் ஒரு மணித்தியாலம் என்றார்கள். ஏன் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

காத்திருப்பது எங்களுக்குப் பழகிப்போன விடயம். நிவாரண அரிசிக்குக் காத்திருந்தோம். மண்ணெண்ணெய்க்குக் காத்திருந்தோம். பாஸ் எடுக்கக் காத்திருந்தோம். முகமாலையிலும் ஓமந்தையிலும் பொதியை அவிழ்த்துக் காட்டிவிட்டு வெயிலில் நின்றோம். அந்த இடங்களில் "ஏன் பிந்துது?" என்று கேட்ட ஆளை இன்னும் கூடுதலாகக் காக்க வைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகினோம். சண்டை முடிந்து எத்தனை வருடம் ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. மண்டபத்தில் இருந்த கொழும்புப் பக்கத்து ஆட்களும் இந்தியாக்காரர்களும் எழும்பி நடந்தார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், முணுமுணுத்தார்கள். எங்கள் பெண்கள் மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அசையாமல் இருந்தோம்.

எனக்கு அன்று பிந்தக்கூடாத அவசரம். என் தங்கச்சி 1990இல் புருஷனோடும் கைக்குழந்தையோடும் படகேறி இராமேஸ்வரம் போனவள். மண்டபம் முகாமில் கொஞ்சக் காலம், பிறகு கும்மிடிப்பூண்டி முகாம். 2021இல் தமிழ்நாட்டு அரசு அகதி முகாம் என்ற பெயரை மாற்றி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று ஆக்கியது. பெயர் மாறினதைச் சொல்லி அவள் ரெலிபோனில் சிரித்தாள். வீடு அதே வீடுதான் அக்கா என்றாள். 33 வருடமாக நான் அவளை நேரில் காணவில்லை. அதற்காக மட்டும் போவதென்றால் எப்போதோ போயிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். கையில் காசு இருந்த வருடத்தில் பாதை இல்லை, பாதை இருந்த வருடத்தில் காசு இல்லை.

இந்த முறை போனது காணி அலுவலாக. மயிலிட்டி தெற்கில் அம்மாவின் சீதனக் காணி நாலு பரப்பு. அம்மா 2011இல் கண்ணை மூடிவிட்டா. காணிக்கு நாங்கள் இரண்டு பெண்களும்தான் உரித்து. பிரதேச செயலகத்தில் விபரம் கொடுப்பதற்கும், வழக்கறிஞரிடம் போவதற்கும், நாளைக்கு விடுபட்டால் பங்கு பிரிப்பதற்கும் தங்கச்சியின் கையெழுத்து வேண்டும். அவள் வரமுடியாது. ஆகவே எனக்கு அற்றோணித் தத்துவம் தரவேண்டும். அந்தப் பத்திரத்தில் அவள் சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் வைத்துக் கையெழுத்துப் போடவேண்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அங்கே போவதாக ஏற்பாடு. அதை விட்டால் சனி, ஞாயிறு. முகாமில் கணக்கெடுப்பு நாட்களில் ஆள் இருந்தாக வேண்டும் என்பதால் அவள் நினைத்தபடி எல்லாம் வெளியில் நிற்க முடியாது. அன்று விடியவே கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி, சென்னையில் இறங்கி, பார்க் ஸ்ரேசனில் வேறு ரயில் மாறி, திரிசூலத்தில் இறங்கி விமான நிலையத்து வாசலில் வந்து நிற்கிறாள் என்று மகன் செய்தி அனுப்பியிருந்தான்.

நான் இங்கே இருக்கிறேன். அவள் அங்கே நிற்கிறாள். நடுவில் இருப்பது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைந்த பறப்பு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் இருந்த அந்த மண்டபத்தில் இருந்து எங்கள் காணிக்கு நடந்தே போய்விடலாம். போக விட்டால்.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் போட்டது. எயார் சிலோன் என்ற எங்கள் நாட்டு விமானக் கம்பனியின் முதலாவது பறப்பே 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையில் இருந்து இங்கே வந்து, இங்கிருந்து சென்னைக்குப் போனதுதான். ஆச்சி சின்ன வயதில் எங்களுக்குக் காட்டி விளையாட்டுக் காட்டியது இந்த விமானங்களைத்தான். 1990 ஆனி மாதம் சண்டை தொடங்கியபோது வலிகாமம் வடக்கில் இருந்து சனம் எழும்பியது. நாங்களும் எழும்பினோம். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று அடுப்புச் சாம்பலைக்கூட அள்ளாமல் வந்தோம். தெல்லிப்பழை, உடுவில், 1995இல் சாவகச்சேரி, பிறகு மல்லாகத்தில் முகாம். எங்கள் ஊர் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. 2019 ஒக்ரோபர் 17இல் இந்த இடத்தை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். பெயர்ப்பலகையில் தமிழ் முதலாவதாக இருந்ததற்குத் தெற்கில் சிலர் குறை சொன்னார்கள். அடுத்த மாதமே சென்னைக்கு விமானம் ஓடத் தொடங்கி, கொரோனாவோடு 2020 பங்குனியில் நின்று, 2022 டிசம்பர் 12இல் மறுபடி ஓடத் தொடங்கியது. 33 வருடமாக உள்ளே போக முடியாத பக்கத்துக்கு நான் கடவுச்சீட்டைக் காட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

ஒருமுறை மட்டும் இடையில் வந்திருக்கிறேன். அதுவும் காத்திருக்கத்தான். 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி ஏ-9 பாதை மூடுப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியே போவதென்றால் கப்பல் அல்லது விமானம். 2007இல் அம்மாவை மகரகம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. பாதுகாப்பு அனுமதி வரும்வரை கிழமைக் கணக்கில் காத்திருந்தோம். பிறகு ஒருநாள் விடியற்காலையில் பட்டினத்தில் கூட்டி, சோதித்து, பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. வெளியே ஒன்றும் தெரியாது. அம்மா என் தோளில் சாய்ந்திருந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, பஸ் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தா. "இது உரும்பிராய்ச் சந்தி... இப்ப புன்னாலைக்கட்டுவன்... இனி வசாவிளான் வரும்." பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர், "எணை, சத்தம் போடாதை" என்று பயந்துபோய்ச் சொன்னார். அன்றைக்கும் விமானம் பிந்தியது. எத்தனை மணித்தியாலம் என்று நினைவில்லை. அம்மாவுக்கு ஒரு மிடறு சுடுதண்ணி கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. 

1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி இதே பலாலியில் இருந்து இரத்மலானைக்கு 55 பேரோடு வெளிக்கிட்ட விமானம் மன்னார்க் கடலில் போனது. ஒருவரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு, விமானம் பிந்துகிறது என்றால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வருவதில்லை. வயிற்றுக்குள் ஏதோ செய்யும்.

இந்தப் பழைய யோசனைகளோடு நான் இருந்தபோதுதான் பக்கத்துக் கதிரையில் இருந்த அக்கா எழும்பினா. அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலை, காலில் துணிச் சப்பாத்து. கண் ஒப்பரேசனுக்குச் சென்னை போகிறா என்று பிறகு அறிந்தேன். நேரே விமானக் கம்பனிப் பொடியனிடம் போனா.

"தம்பி, பிளேன் சென்னையில இருந்து வெளிக்கிட்டிட்டுதோ?"

பொடியன் ஏதோ சொன்னான்.

"அதில்லை தம்பி. பிந்தும் எண்டு எனக்கும் தெரியும். அங்க நிலத்தில நிக்குதோ, மேல ஏறிட்டுதோ?"

அவன் உள்ளே போய்க் கேட்டு வந்து, அங்கே கடும் மழை, இன்னும் ஏறவில்லை என்றான். அக்கா திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. "அங்க இருந்து வாற பிளேன்தான் திரும்பிப் போறது. அது அங்க நிண்டால் நாங்கள் இஞ்ச நிக்கிறம். அது வெளிக்கிட்டுதெண்டால் ஒண்டேகால் மணித்தியாலம், பிறகு இறக்கி ஏத்த ஒரு மணித்தியாலம். ரெண்டே கால். அதுக்குள்ள ஒருத்தரும் எழும்பி லைனில நிக்கத் தேவையில்லை."

இவ்வளவுதான் விடயம். ஒன்றரை மணித்தியாலமாக எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது ஒரு கேள்வியோடு பாதி அடங்கிவிட்டது. மழை என்றால் மழை. மழைக்கு நான் பயப்படத் தேவையில்லை. நீங்கள் யாராவது இப்படிப் போய் மாட்டுப்பட்டால் இந்தக் கேள்வியை நினைவில் வைத்திருங்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாத ஒன்றைச் சொல்லுவார்கள். விமானம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் உண்மையைச் சொல்லுவார்கள்.

அக்கா இரண்டாம் முறை எழும்பிப் போய், "தம்பி, மத்தியானம் ஆச்சுது. வருத்தக்கார ஆக்கள் இருக்கினம். தேத்தண்ணி, சாப்பாடு ஏதாவது ஒழுங்கு செய்யுங்கோ" என்றா. அரை மணித்தியாலத்தில் தேநீரும் பிஸ்கற்றும், பிறகு சாப்பாட்டுப் பார்சலும் வந்தன. கேட்டிருக்காவிட்டால் வந்திருக்குமோ தெரியாது. எனக்கு அந்த இடத்தில் அம்மாவின் சுடுதண்ணி நினைவு வந்து, பிஸ்கற் தொண்டையில் நின்றது.

"எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டா.

"மயிலிட்டி தெற்கு, அக்கா. இப்ப மல்லாகம்."

"நான் வசாவிளான். அப்ப பக்கத்து வளவு மாதிரித்தான்."

அவவின் காணி 2015இல் விட்ட பகுதிக்குள் வந்ததாம். போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடமே பிடிபடவில்லையாம். பற்றை. ஆளுயரப் பற்றை. வேலி இல்லை, எல்லைக் கல் இல்லை, ஒழுங்கை இல்லை. "கிணத்தைப் பிடிச்சன் பிள்ளை. கிணத்தைப் பிடிச்சாப் பிறகு எல்லாத்தையும் பிடிச்சன். கிணத்தில இருந்து குசினிக்கு எனக்கு இருபத்திரண்டு அடி. வாளியோட எத்தனை தரம் நடந்திருப்பன். கண்ணை மூடிக்கொண்டு நடந்தன், குசினி அத்திவாரத்தில கால் தட்டுப்பட்டுது." அவ அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தா.

பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டா: "நாங்கள் இப்ப இருக்கிறது ஆற்ற காணியாக இருக்கும்?"

இப்படித்தான் எங்கள் பொழுதுபோக்குத் தொடங்கியது. என் ரிக்கற்றை அச்சடித்த கடதாசியின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனை என்னிடம் இருந்தது. ஓடுபாதையை முதலில் நீளமாகக் கீறினோம். அதுதான் மாறாமல் இருக்கிற ஒன்று. பிறகு மேலே கடல். கடற்கரையோடு மயிலிட்டித் துறை. 2017இல் துறைமுகத்தை விட்டபோது நான் போய்ப் பார்த்திருக்கிறேன் என்பதால் அது சரியாக வந்தது. காசநோய் ஆஸ்பத்திரியை ஒரு பெட்டியாகப் போட்டேன். பலாலி ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையை அக்கா போட்டா. தன் மாமா ஒருவர் அங்கே பயின்றவராம். பிறகு வீதிகள். வீதி முடிந்து ஒழுங்கைகளுக்கு வந்தபோதுதான் வேலை சூடுபிடித்தது.

ஆம்பிளைகள் என்றால் எல்லையையும் பரப்பையும் வைத்துக் கீறுவார்கள். எங்கள் படம் அப்படி வரவில்லை. கறிவேப்பிலை முறிக்க எந்த வீட்டுக்குப் போவோம், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கிணறு நல்ல தண்ணி, எந்தக் கிணறு உவர், மாதவிலக்கு நாட்களில் கோயிலடியைத் தவிர்த்துப் போகிற குறுக்கொழுங்கை எது, வெங்காயம் கிண்டுகிற காலத்தில் எந்தத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனோம், அரிசி ஊறப்போட்டு யார் வீட்டு உரலில் இடித்தோம். துலா இருந்த கிணறுக்கு ஒரு அடையாளம், மெசின் வைத்து இறைத்த கிணறுக்கு வேறு அடையாளம். ஒரு வேப்பமரத்தை எங்கே போடுவது என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டையே வந்துவிட்டது. கடைசியில் இரண்டு வேப்பமரம் போட்டோம்.

எங்களுக்கு எதிரே சென்னையில் படிக்கப் போகிற பிள்ளை ஒன்று காதில் வயரைச் செருகிக்கொண்டு இருந்தது. எங்கள் சத்தத்தில் வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தது. "அன்ரி, இதை போனிலயே பாக்கலாம்" என்று வானத்தில் இருந்து எடுத்த படத்தைக் காட்டியது. ஓடுபாதை சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. சுற்றிவரப் பச்சை. விரலால் பெரிதாக்கினால் இன்னும் பச்சை. எங்கள் ஒழுங்கையும் இல்லை, துலாவும் இல்லை, இரண்டு வேப்பமரமும் இல்லை. "உதில ஒண்டும் இல்லைப் பிள்ளை. எங்கட படத்தைப் பார்" என்று அக்கா கடதாசியை நீட்டினா.

அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தது. பிறகு, "எங்கட அம்மம்மா பலாலி கிழக்கு. நான் அங்க போனதே இல்லை. அம்மாவே சின்னனில வெளிக்கிட்டவ" என்றது. அம்மம்மா வீட்டுப் பெயரைச் சொன்னது. அக்காவுக்கு அந்தக் குடும்பம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அது முகம் வாடியது. "எல்லாரையும் எல்லாருக்கும் தெரியாது தானே. அம்மம்மா இருக்கிறாவோ? அப்ப இப்பவே ரெலிபோன் எடுத்துக் கேள்" என்று அக்கா உற்சாகப்படுத்தினா. பிள்ளை எடுத்தது. அந்தக் கிழவி கோண்டாவிலில் இருந்துகொண்டு, "ஆர் கதைக்கிறது? ஆற்ற ஆக்கள்?" என்று கத்தின சத்தம் எங்களுக்கும் கேட்டது. பத்து நிமிடம் கதைத்ததில் எங்கள் கடதாசியின் கிழக்குப் பக்கத்தில் மூன்று வீடும், ஒரு கள்ளிப் பற்றையும், ஒரு பிள்ளையார் கோயிலும் கூடின.

அதற்குள் மூன்று மணி. விமானம் சென்னையில் ஏறிவிட்டது என்று பொடியன் தானாகவே வந்து அக்காவிடம் சொன்னான். ஆனால் முன்வரிசையில் இருந்த ஒருவர், "இருட்டினால் இஞ்ச பிளேன் இறங்காது. இன்னும் பிந்தினால் நாளைக்குத்தான்" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நாளைக்கு என்றால் என் வெள்ளிக்கிழமை போய்விடும். தங்கச்சியின் மகனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவள் வாங்கி, "அக்கா, நான் சாப்பிட்டிட்டன், நீ சாப்பிட்டியோ" என்றாள். காலையில் இருந்து வாசலில் நிற்கிறவள் சாப்பிட்டிருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ரெலிபோனை வைத்துவிட்டு நான் அழுதேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "உறுதி கொண்டு வந்தனியோ? எடு பாப்பம்" என்றா.

மூல உறுதி 1995 இடப்பெயர்வில் போய்விட்டது. யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதிதான் என் பையில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்கா வாசிக்கச் சொல்ல, நான் வாசித்தேன். நாலு பரப்பும், பொதுக் கிணற்றில் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும். கிழக்கு எல்லை ஒழுங்கை. தெற்கும் மேற்கும் எங்கள் சொந்தக்காரர் பெயர். வடக்கு எல்லைக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். கிராம சேவையாளருக்கும் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் இருந்த காலத்தில் அந்த வளவு வெறும் வளவு, ஆட்கள் இல்லை.

பெயரை வாசித்ததும் அக்கா கையைப் பிடித்தா. "திருப்பி வாசி."

வாசித்தேன்.

"அது என்ர பெரியம்மாவின்ர புருஷன். மலேயாவுக்குப் போய் வந்தவர். அந்த வளவைத் தன்ர மூத்த மகளுக்குக் கொடுத்தவர். அவ இப்ப ஏழாலையில, தொண்ணூறு வயது, நல்ல நினைவு. நீ அங்கால போட்டு வந்தவுடன என்னட்ட வா. நான் கூட்டிக்கொண்டு போறன்."

வழக்கறிஞர் என்னிடம் முக்கியமாகக் கேட்டது இதைத்தான். எல்லைக் காணிக்காரர் ஒருவராவது உயிரோடு இருந்து, ஓம் இது இன்னாருடைய காணிதான் என்று சொல்லவேண்டும் என்றார். அந்த ஆளைத் தேடி நான் நாலு வருடம் திரிந்தேன். மழை பெய்து விமானம் பிந்தாமல், நான் 12.30 இற்கே போயிருந்தால், பக்கத்துக் கதிரைக்காரியிடம் "கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கதைத்திருக்க மாட்டேன். கடதாசியில் எங்கள் வளவுக்கு வடக்கே ஒரு பெட்டி கீறி அந்தப் பெயரை எழுதினேன். கை நடுங்கியதால் எழுத்து வடிவாக வரவில்லை. படிக்கப் போகிற பிள்ளை அந்தக் கடதாசியைப் போனில் படம் பிடித்து எங்கள் இரண்டு பேருக்கும் அனுப்பியது. அம்மம்மாவுக்கும் அனுப்பியது.

விமானம் வந்து இறங்கியபோது மூன்றே முக்கால் தாண்டிவிட்டது. சுழலும் விசிறி வைத்த சின்ன விமானம். ஆட்களை இறக்கி, மளமளவென்று எங்களை ஏற்றினார்கள். என் இருக்கை நடைபாதைப் பக்கம். அக்காவுக்கு ஜன்னல். அவ எழும்பி நின்று, "நீ உள்ள போ. என்ர காணிக்கு நான் கால் வைச்சிட்டன். நீ பாக்கேல்லைத் தானே" என்று என்னைத் தள்ளி விட்டா.

விமானம் எழும்பியது. ஒரு நிமிடம் இருக்குமோ தெரியாது. செம்பாட்டு மண் ஒரு திட்டு, பிறகு பச்சை, பிறகும் பச்சை, அதற்குள் கூரையில்லாத சுவர்கள் இரண்டு மூன்று. கிணறு எதையும் என்னால் பிடிக்க முடியவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே கடல் வந்துவிட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. தன் பையில் இருந்து ஒரு தோடம்பழ இனிப்பு எடுத்துத் தந்தா.

சென்னையில் வெளியே வர ஏழு மணி ஆயிற்று. மழை விட்டிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தில் தங்கச்சியை நான் தேடினேன். நான் தேடியது இருபது வயதுப் பெட்டையை. நரைத்த தலையோடு ஒரு மெலிந்த மனுசி "அக்கா" என்று கூப்பிட்டபோது ஒரு கணம் அம்மாவோ என்று திடுக்கிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் எப்படி அழுதோம் என்பதை எழுதத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் கையெழுத்து வைத்தாயிற்று. அலுவல் முடிய மதியம் ஆனது. அங்கேயும் ஒரு வாங்கில் இருந்து காத்திருந்தோம். அப்போதுதான் அந்தக் கடதாசியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். மடியில் விரித்து, விரலை வைத்து ஒழுங்கை ஒழுங்கையாகப் போனாள். எங்கள் வளவில் வந்து விரல் நின்றது. கன நேரம் நின்றது.

பிறகு என் கையில் இருந்த பேனையை வாங்கினாள்.

"பலாமரத்தை விட்டிட்டியள்" என்று சொல்லி, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு மரம் கீறினாள்.